சேர்வராயன் மலையை முதலில் கண்டவர் யார்?

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து மேலேறினால், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு நம்மை வரவேற்கிறது. ஏரியும் காடும் இணைந்து பெயராகிய ஊர் அது. கோடையில் வருவோர் பலர் ஏரியில் படகேறி, மலர்க் கண்காட்சியைக் கண்டு, மாலைக்குள் இறங்கிவிடுகின்றனர். ஆனால் இம்மலையின் வரலாறு வண்டியில் விரைவோருக்குப் புலப்படுவதில்லை. நடந்து செல்வோருக்கே அது சிறிது சிறிதாகத் தன்னைக் காட்டுகிறது.

சுற்றுலாக் கையேடுகள் அந்த வரலாற்றை 1820ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. அவ்வாண்டு முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான டேவிட் காக்பர்ன். காப்பியையும் பேரிக்காயையும் ஆப்பிளையும் இம்மலையில் பயிரிடச் செய்தவர் அவரே. 'ஏற்காட்டின் தந்தை' என்றும் அவர் போற்றப்படுகிறார். காப்பியைத் தொடர்ந்து தோட்ட முதலாளிகளும், சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய ஐரோப்பியரும் வந்தனர். 1853இல் ஆங்கிலிக்கரின் தூய திரித்துவ ஆலயம் எழுந்தது. 1894இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினர். 1917இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் மான்ட்போர்ட் பள்ளியை நிறுவினர். இவை யாவும் போற்றுதற்குரிய வரலாறே. எனினும் இவை மலையின் முதல் அத்தியாயம் அல்ல.

சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடிகளினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் நடந்தால் மலையாளி மக்களின் சிற்றூர்களை அடையலாம். இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தோர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பதும், மூத்தவரின் வழிவந்தோரே சேர்வராயன் மலையினர் என்பதும் அவர்களது மரபுக்கதை. காக்பர்ன் வந்தபோது இங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் இவர்களே. தோட்டங்கள் பெருகப் பெருக இவர்களுடைய காடும் மேய்ச்சல் நிலமும் சுருங்கின. தம் மலையிலேயே கூலிக்குச் செல்லும் நிலை பலருக்கு நேர்ந்தது.

இம்மலையின் தொன்மையை உலகிற்கு எடுத்துக்காட்டியவரும் ஓர் ஆங்கிலேயரே என்பது வியப்புக்குரியது. 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழி திறந்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுபெற்றபின் ஏற்காட்டில் வாழ்ந்தார். சேர்வராயன் மலையில் அவர் தேடிச் சேர்த்தவற்றுள் மெருகிட்ட புதிய கற்காலக் கோடரிகளும் உண்டு. அத்தகைய கற்களை மலைமக்கள் தம் சிறு கோயில்களில் வைத்து வணங்கியும் வந்தனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர் ஏந்திய கருவி அங்கே வழிபாட்டுப் பொருளாகக் காக்கப்பட்டிருந்தது! 1912இல் கல்கத்தாவில் மறைந்த ஃபூட்டின் சாம்பல் ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்ட பீட்டர் பெர்சிவல் அவருடைய மாமனார். அவரும் 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார். ஒருவர் எளியோரின் பழமொழிகளைத் திரட்டினார்; மற்றவர் பெயரறியா மாந்தரின் கற்களைத் திரட்டினார். மக்கள் தாமாகப் பாதுகாத்து வைத்திருந்தவற்றை மதித்ததே இருவரின் பெருமையும்.

'கண்டுபிடித்தார்' என்னும் சொல்லை நாம் எளிதாகக் கையாளுகிறோம். ஒரு மலைக்குப் புதிதாய் வந்தவர் அதைக் கண்டவர் ஆகிவிடுகிறார்; தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்தவர்களோ காணப்படாதவர் ஆகிவிடுகின்றனர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இன்று பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. வாக்குச்சீட்டில் பெற்ற அந்த இடத்தை அவர்கள் நம் நினைவிலும் பெற வேண்டும்.

மலையுச்சியில், தாழ்ந்த குகையொன்றில் சேர்வராயன் கோயில் உள்ளது. மே மாதத் திருவிழாவில் சுற்றியுள்ள ஊர்களின் மலைமக்கள் அங்கே கூடுகின்றனர். உள்ளே செல்ல எவரும், எத்துணை உயர்ந்தவராயினும், குனிந்தாக வேண்டும். மலையைக் காண வருவோருக்கும் அதுவே பொருத்தமான நிலை. அடுத்த முறை ஏற்காடு செல்லும்போது வண்டியை ஏரிக்கரையிலேயே நிறுத்திவிட்டு நடப்போம். எதிரே விறகுக் கட்டோடு வரும் மூதாட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். அந்தப் பாதையை நமக்கு முன்னமே இட்டு வைத்தவர்கள் அவருடைய முன்னோரே.