லாஸ்பேட்டைக்குப் பின்னால் ஒரு சீட்டாட்டக்காரர்

எங்கள் முத்தியால்பேட்டைக்கு மேற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் லாஸ்பேட்டை. 1765-இல் புதுச்சேரியைப் பொறுப்பேற்ற ஆளுநர் ழான் லா த லொரிஸ்தோனின் பெயர் அது. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய ஊரை மறுபடி எழுப்பியவர் அவர். இவ்வளவும் இங்கே பலருக்குத் தெரியும். அவருடைய பெரியப்பா ஜான் லாவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு அந்தப் பெரியப்பா மேல்தான் ஈடுபாடு.

1671-இல் எடின்பரோவில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர் ஜான் லா. 1694-இல் லண்டனில் வாள்சண்டையில் ஒருவரைக் கொன்று, சிறையிலிருந்து தப்பி ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே ஃபாரோ என்ற சீட்டாட்டம் அவருக்குச் சோறு போட்டது. அந்த ஆட்டத்தில் பாங்கு வைப்பவருக்குச் சிறு அனுகூலம் எப்போதும் உண்டு. அதைக் கணக்குப் போட்டு அறிந்தவர் லா. அதனால் பாங்கு வைப்பவராகவே உட்கார்ந்தார். 1716-இல் பாரிசில் நிஜமான வங்கியே தொடங்கினார். மறு ஆண்டு அமெரிக்காவின் லூசியானாவில் வணிகம் செய்ய ஒரு கம்பெனி. 1719-இல் அதோடு பழைய கிழக்கிந்தியக் கம்பெனியையும் இணைத்தார். அப்படித்தான் லூசியானாவின் நியூ ஓர்லியன்சும் புதுச்சேரியும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஏறின. 1731-இல் லூசியானா அரசர் கைக்குத் திரும்பும்வரை அந்த நிலைதான். 1720-இலேயே பங்கு விலை சரிந்து லா நாட்டைவிட்டு ஓடினார். 1729-இல் வெனிசில் இறந்தார். கம்பெனி மட்டும் பிழைத்தது. நம் வட்டாரத்து நெசவாளர்களின் துணியைக் கப்பலேற்றியதும், ஆளுநர்கள் லெனுவார், துய்மா, துப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியை வளர்த்ததும் அந்தக் கம்பெனிதான்.

அந்த நியூ ஓர்லியன்சில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போக்கர் என்ற சீட்டாட்டம் உருவானது. பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த ‘போக்’ என்ற ஆட்டம் அதற்கு மூலம் என்பார்கள். முதலில் இருபது சீட்டு, பிறகு ஐம்பத்திரண்டு. மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் ஏறி அமெரிக்கா முழுக்கப் பரவியது.

ஆட்டத்துக்கு முன்பே கணக்கு பிறந்துவிட்டது. 1654-இல் கணித அறிஞர் பாஸ்கல், இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி வருகிறது. இருவர் ஆளுக்கு 32 பிஸ்தோல் காசு வைத்து ஆடுகிறார்கள். மூன்று ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு 64-உம். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று ஜெயித்த நிலையில் ஆட்டம் நின்றால் பணத்தை எப்படிப் பிரிப்பது? இன்னொரு ஆட்டம் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் ஜெயித்தால் 64. தோற்றால் சமநிலை, 32. ஆகவே 32 அவருக்கு உறுதி. மீதி 32-இல் பாதி 16. மொத்தம் 48, எதிராளிக்கு 16. வகுப்பில் நிகழ்தகவு நடத்தத் தொடங்கும்போதெல்லாம் இதைத்தான் பலகையில் எழுதுவேன்.

இன்றைய போக்கர் போட்டி உத்திக்கும் அடிப்படை இதுவே. போக்கர் எழுத்தாளர் மேசன் மால்முத் 1987-இல் இத்தகைய கணக்கைப் போட்டிகளுக்குப் பொருத்தினார். பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். பரிசு 500, 300, 200 என்று வையுங்கள். கடைசியில் ஜெயிப்பவரிடம் எல்லாச் சில்லும் சேர்ந்துவிடும், தொடங்கியதைப்போல் பத்து மடங்கு. கைக்கு வருவதோ ஐந்து மடங்குப் பணம். அதாவது போட்டியில் நீங்கள் ஜெயிக்கிற சில்லைவிட இழக்கிற சில்லுக்கு மதிப்பு அதிகம்.

ஞாயிறு மாலைகளில் நண்பர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் புளியங்கொட்டை வைத்துப் போட்டி ஆடுகிறோம். நண்பரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் விட்டுப்போன சீட்டுக்கட்டில் ராஜாவுக்கு ஆர், ராணிக்கு டி, ஜாக்கிக்கு வி என்றுதான் அச்சிட்டிருக்கும். போன மாதம் நால்வர் மீதம். பரிசு மூன்று பேருக்குத்தான். என் கையில் ஏசும் ராணியும். பெருங்குவியல் வைத்திருந்தவர் மொத்தத்தையும் தள்ளினார். எதிர் மூலையில் ஒருவரிடம் ஏழே கொட்டை. சீட்டைக் கவிழ்த்தேன். நல்ல கைதான், ஆனால் ஏழு கொட்டைக்காரர் வெளியேறும்வரை காத்திருப்பது அதைவிட மதிப்பானது. அடுத்த சுற்றிலேயே அவர் போனார். இந்தப் பொறுமையைத்தான் போக்கரின் உண்மையான திறமை என்று நான் மதிக்கிறேன்.

இணையம் இந்தப் பொறுமையைக் குலைத்தது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத் தகுதிப் போட்டி வழியாக போக்கர் உலகத் தொடரில் நுழைந்து 838 பேரை வென்று 25 லட்சம் டாலர் எடுத்தார். அந்தக் கதை நம் பிள்ளைகளின் கைப்பேசிவரை வந்தது. என் பழைய மாணவன் ஒருவன் எந்தக் கைக்கு எத்தனை விழுக்காடு என்று மனப்பாடமாகச் சொல்வான். 110 ரூபாய் கட்டினால் 100 பரிசுக்கு, 10 நடத்துபவருக்கு என்பதை மட்டும் அவன் கூட்டிப் பார்க்கவில்லை. நூறு போட்டியில் ஆயிரம் ரூபாய் ஆடாமலே போய்விடுகிறது. ஜான் லா ஏன் பாங்கு வைப்பவராக உட்கார்ந்தார் என்பதை ஒரு நாள் அவனுக்கு விளக்கினேன்.

இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தச் சட்டத்தின் எல்லை தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பம். அதை ஒட்டியிருந்தாலும், புதுச்சேரியைச் சேர்ந்த முத்தியால்பேட்டைக்கு அது செல்லாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்றது. நான் அதை வரவேற்கிறேன். ஆட்டத்தைக் கற்பதற்கு அது தடையில்லை. பிள்ளைகளுக்குப் போக்கர் ஆசை இருந்தால் திட்டாதீர்கள். ஒரு கட்டுச் சீட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் கொடுத்து, முதலில் அந்த 64 பிஸ்தோலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.