ரோஸ் தீவு ஜன்னலும் எங்கள் தையல் வகுப்பும்

நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களுக்கு இங்கே சனிக்கிழமைதோறும் 'ஸ்டெயின்ட் கிளாஸ் குயில்ட்' தையலுக்கு ஆரம்ப வகுப்பு எடுக்கிறேன். சர்ச் ஜன்னலின் வண்ணக் கண்ணாடி போலத் தெரியும் துணிவேலை அது. "இதுக்கு ஏன் அந்தமான் கதை சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் அபர்டீன் பஜாரிலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். எதிரே தெரிவது ரோஸ் தீவு. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு அந்தமான் வந்தார். பிறகு ஆங்கிலேயரின் தலைமையிடம் ரோஸ் தீவில் அமைந்தது. காடு வெட்டியதும் கட்டடம் எழுப்பியதும் கைதிகள்தான்.

அங்கே ஒரு பிரஸ்பிடீரியன் சர்ச் இருந்தது. ஜன்னல் சட்டங்கள் பர்மா தேக்கு. பலிபீடத்துக்குப் பின்னே இருந்த வண்ணக் கண்ணாடி இத்தாலியிலிருந்து வந்தது. 1941 ஜூன் 26-ல் பெரிய நிலநடுக்கம், 1942-ல் ஜப்பான் படை. தீவு காலியானது. இன்று வேர் படர்ந்த சுவர்கள்தான் மிச்சம், கண்ணாடி இல்லை.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இத்தாலியையும் பர்மாவையும் கேட்டுவிட்டு வருகிறார்கள். கல் சுமந்தவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை.

இனி தையலுக்கு வருவோம். வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது ஈயப் பட்டை. துணியில் அந்த வேலையைச் செய்வது கறுப்பு கிராஸ் பீஸ். அடித்துணியில் படம் வரைந்து, வண்ணத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஓரத்தோடு ஓரம் வையுங்கள். சேரும் இடத்தின் மேல் 6 மி.மீ. பட்டை வரும். அதை 45 டிகிரி சாய்வில் வெட்டினால்தான் வளைவுக்கு ஏற்ப வளையும். வளைவில் உள்பக்கத்தை முதலில் தையுங்கள், வெளிப்பக்கம் பிறகு. மாற்றினால் சுருக்கம் விழும். எந்தப் பட்டையின் நுனி இன்னொன்றின் அடியில் மறைய வேண்டுமோ, அதை முதலில் தைக்க வேண்டும்.

எங்கள் முதல் பாடம் 12 அங்குலச் சதுரத்தில் ஒரு வளைவு ஜன்னல், நாலே நிறம். பழைய பருத்திப் புடவை போதும். சாயம் போகிறதா என்று முதலில் நனைத்துப் பாருங்கள்.

தைத்து முடித்ததும் எல்லோரும் நிறத்தைத்தான் புகழ்வார்கள். கைவலி எடுப்பதென்னவோ கறுப்புப் பட்டையைத் தைக்கும்போதுதான். "இது எந்த ஜன்னல்?" என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், கண்ணாடி இத்தாலியிலிருந்து வந்தது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சுவரை எழுப்பிய கைதிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.