ஆப்பிரிக்காவிலிருந்து வராத ஆப்பிரிக்கன் பாயல்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் வாளி.

ரெண்டு வருஷம் முன்னாடி சென்னையில் வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது என்கிட்ட ரெண்டடி மீன்தொட்டி ஒண்ணு இருந்துச்சு. மீன்களை ஒரு நண்பன் வாங்கிக்கிட்டான். தொட்டியையும் அவனே எடுத்துக்கிட்டான். மேலே மிதந்த செடிதான் மிச்சம். கொளத்தூரில் ஒரு கைப்பிடி வாங்கினது. வாராவாரம் பாதியை அள்ளி எடுத்தாலும் அடுத்த வாரம் தண்ணியே தெரியாத அளவுக்கு மூடிடும். அவ்வளவு பச்சையா இருக்கிறதைக் குப்பையில் போட மனசு வரல. வாளியில் போட்டு, அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஊருக்கே கொண்டு வந்துட்டேன்.

ஊர் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். கோதையாறும் பரளியாறும் ஊரை வட்டமிட்டு வந்து மூவாற்றுமுகத்தில் சேரும், அதனாலதான் அந்தப் பேர்னு சொல்வாங்க. எந்தப் பக்கம் போனாலும் தண்ணி. வீட்டுக்குப் பின்னாடி சானல், அதுக்கு அப்பால் குளம். குளத்தில் விட்டா செடி நல்லா இருக்கும்னுதான் நினைச்சேன்.

பாட்டா திண்ணையில் இருந்தார். வாளியை எட்டிப் பார்த்தவர் எழும்பியே வந்துட்டார். "எலே மக்கா, எங்க கொண்டு போற? இது ஆப்பிரிக்கன் பாயலாக்கும். கொளத்துல விட்டா கொளம் போச்சு."

கடைக்காரர் எனக்குச் சொன்ன பேர் சால்வினியா. பாட்டாவுக்கு எப்படித் தெரியும்? எழுபதுகளில் அவர் கொஞ்ச காலம் ஆலப்புழையில் ஒரு சாயாக்கடையில் வேலை பார்த்தவர். வள்ளம் போக வழியில்லாம ஆட்கள் கழுக்கோலால் இந்தச் செடியைத் தள்ளித் தள்ளிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கார். வயலில் தண்ணி ஏறினா பாயலும் ஏறும், அள்ளிப் போடுற கூலி விளைச்சலை விட அதிகம்னு அங்கே புலம்புவாங்களாம்.

அன்னைக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சேன். அதுதான் இந்த எபிசோடு.

கண்ணாடிக்குள் செடி வளர்க்கிற பழக்கத்திலிருந்து தொடங்கணும். 1829-ல் லண்டனில் நதானியல் வார்ட்னு ஒரு டாக்டர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை மண்ணோடு ஒரு பாட்டிலில் மூடி வெச்சார். பூச்சியை விட்டுட்டு அவர் பார்த்தது வேற ஒண்ணை. உள்ளே தானா ஒரு பெரணிச் செடி முளைச்சிருந்தது. மூடின கண்ணாடிக்குள் ஈரம் திரும்பத் திரும்பச் சுத்துது, செடி சாகலை. அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில்தான் அப்புறம் தேயிலைக் கன்றுகள் கடல் கடந்து போச்சு. 1850-ல் ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர், மீன், செடி, நத்தை மூணும் ஒரே தொட்டியில் ஒண்ணையொண்ணு தாங்கும்னு எழுதினார். மூணு வருஷத்தில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்வீடு திறந்தாச்சு. நம்ம மெரினாவில் மீன்காட்சியகம் வந்தது 1909-ல்.

அழகுக்காகச் செடியை ஒரு கண்டத்திலிருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போறது அப்போ நாகரிகம். பிரேசிலின் வெங்காயத்தாமரை அப்படித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்துச்சு. ஊதாப்பூ, பார்க்க அழகு. ஆறும் வயலும் அடைபட்டு, கடைசியில் 1936-ல் வங்காளத்தில் அதுக்குன்னே ஒரு சட்டம் போட வேண்டியதாச்சு. இலங்கையில் 1909-லேயே போட்டுட்டாங்க.

பேர் விஷயம்தான் வேடிக்கை. வங்காளத்தில் அதுக்கு 'ஜெர்மன் பானா'ன்னு ஒரு பேர். சிங்களத்தில் 'ஜப்பன் ஜபர'. மலையாளத்தில் சால்வினியாவுக்கு 'ஆப்பிரிக்கன் பாயல்'. ரெண்டு செடிக்கும் சொந்த ஊர் தென் அமெரிக்கா. யார் மேல் கோபமோ அவங்க பேரை வெச்சிருக்காங்க போல, இது என் ஊகம்தான். நாமும் சளைச்சவங்க இல்லை. சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரைன்னா அது வேற செடி, ரோஜாப்பூ மாதிரி இலையடுக்கோட மிதக்குமே, அது. இப்போ வெங்காயத்தாமரையையும் அதே பேரில் கூப்பிடுறோம்.

சால்வினியாவுக்கு வருவோம். 1939-ல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு, பாடம் நடத்துறதுக்காக இது வந்துச்சு. அங்கிருந்து வெளியே போயிடுச்சு. கேரளத்தில் 1955-ல் திருவனந்தபுரம் வேளிக் காயலில் பார்த்திருக்காங்க. அப்போ திருவட்டாறும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான், தமிழ்நாட்டோடு சேர்ந்தது அடுத்த வருஷம் நவம்பர் 1. பத்து வருஷத்துக்குள் குட்டநாடு வரை தொல்லை. ஆப்பிரிக்காவில் சாம்பெசி ஆற்றைத் தடுத்துக் கரீபா அணை கட்டினப்போ, 1962-ல் அந்த ஏரியில் ஏறக்குறைய 1000 சதுர கிலோமீட்டரை இது மூடியிருந்தது. நம்ம குமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,672.

இவ்வளவுக்கும் இதுக்கு விதை கிடையாது. பூ கிடையாது, பெரணி இனம். வேர்னு நாம நினைக்கிறதும் வேர் இல்லை, தண்ணிக்குள் தொங்குற மூணாவது இலை. ஒடிஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் ஒரு செடி. வெயிலும் சத்தும் அமைஞ்சா ரெண்டு மூணு நாளில் ரெட்டிப்பாகும். என் தொட்டியில் நடந்ததும் அதேதான். மீன் கழிவில் வர்ற அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சித் தண்ணியைச் சுத்தமா வெச்சுக்கும், நிழல் போட்டுப் பாசியை அடக்கும். வாராவாரம் பாதியை அள்ளுறது, காத்துக்குழாயை வளையமாக்கி மிதக்கவிட்டுத் தீனி போட இடம் வெக்கிறது, ஃபில்டரின் ஓட்டம் இலை மேல் அடிக்காம திருப்பி வெக்கிறது, மூடியில் இடைவெளி விட்டு நீராவி சொட்டாம பார்த்துக்கிறது, இவ்வளவுதான் பராமரிப்பு. நல்ல செடி, பொய் சொல்லக் கூடாது. அள்ளினதை எங்கே போடுறோம்ங்கிறதுதான் கேள்வி.

இதை எப்படி அடக்கினாங்கங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரொம்ப வருஷம் இந்தச் செடியை 'சால்வினியா ஆரிகுலேட்டா'ன்னே நினைச்சாங்க. அதனால் அந்த இனத்தைத் தின்னுற பூச்சிகளைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு போனாங்க. 1974-ல் ட்ரினிடாடிலிருந்து ஒரு வெட்டுக்கிளி கேரளத்துக்குக்கூட வந்துச்சு. எதுவும் பெருசா எடுபடலை. 1972-ல் மிட்செல்ங்கிற ஆய்வாளர் இது தனி இனம்னு சொல்லி, 'மொலெஸ்டா'ன்னு பேர் வெச்சார். தொல்லைக்காரின்னு வெச்சுக்கலாம். அப்படின்னா இதோட சொந்த ஊர் எது? 1978-ல்தான் தென்கிழக்கு பிரேசிலில் கண்டுபிடிச்சாங்க. அங்கே இது அடக்கமா இருந்துச்சு, ஏன்னா ரெண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கறுப்பு வண்டு இதைத் தின்னுட்டு இருந்துச்சு. பெரிய வண்டு மொட்டைத் தின்னும், புழு தண்டைக் குடையும். 1980-ல் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் ஐசா பக்கத்து மூண்டாரா ஏரியில் விட்டாங்க. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், ஏரி தெளிஞ்சிடுச்சு. அந்த வண்டையும் ஏற்கனவே தெரிஞ்ச வேற வண்டுன்னுதான் முதலில் நினைச்சாங்க. 1985-ல்தான் அதுக்குத் தனிப் பேர். செடியின் பேரும் தப்பு, வண்டின் பேரும் தப்பு. அந்த நேரமெல்லாம் குட்டநாட்டில் யாரோ ஒருத்தர் வயலிலிருந்து பாயலை அள்ளிட்டு இருந்திருக்கார்.

1982-ல் வண்டு பெங்களூருக்கு வந்துச்சு. அங்கே ஒரு அல்லிக்குளத்தில் சோதனை, பதினோரு மாசத்தில் குளம் சுத்தம். அடுத்து கேரள வேளாண் பல்கலைக்கழகம் வழியா கேரளத்து நீர்நிலைகளில் விட்டாங்க. பாட்டா ஆலப்புழையை விட்டு வந்தது அதுக்கும் முன்னாடி. அதனால் கதையின் இந்தப் பாதி அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ஒரு இலையை வெயிலில் பிடிச்சுப் பார்த்தேன். மேலே நுண்ணிய முடிகள், நாலு நாலா பிரிஞ்சு நுனியில் மறுபடி சேர்ந்திருந்தது, முட்டை அடிக்கிற கம்பி மத்து மாதிரி. கடைகளில் சின்ன இலை சால்வினியாவும் விப்பாங்க, அதில் நுனி சேராது. உங்க தொட்டியிலும் பாருங்க. என்னோடது மொலெஸ்டாவேதான்.

வண்டு கதையைப் பாட்டாகிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அந்த வண்டு நெல்லைத் தின்னாதா?"ன்னு கேட்டார். சால்வினியா தவிர வேற எதிலும் பிழைக்காதுன்னு சோதிச்ச பிறகுதான் விட்டாங்கன்னேன். "ம்"னார்.

செடியை மொட்டைமாடியில் பழைய சாக்கு மேல் பரப்பினோம். மேலாகக் காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் அடியில் ரெண்டு நாள் பச்சை விடலை. பாட்டா கம்பால் கிளறி விட்டுட்டே இருந்தார். சருகான பிறகு தென்னை மூட்டில் போட்டாச்சு. வாளியைக் கழுவின தண்ணியை நான் சானல் பக்கம் கொண்டு போனேன். அவர் கூப்பிட்டு, அதையும் தென்னைக்கே ஊத்தச் சொன்னார்.