அமெரிக்க பேஸ்போலில் உழைப்புச் சந்தையின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வோராண்டும் ஒக்டோபர் இறுதியிலோ நவம்பர்த் தொடக்கத்திலோ பேஸ்போல் உலகத் தொடர் முடிவடைந்ததும் மைதானங்கள் வெறிச்சோடுகின்றன. கழகங்களின் அலுவலகங்களோ அப்பொழுதுதான் சுறுசுறுப்படைகின்றன. எவரை வைத்திருப்பது, எவரைக் கைவிடுவது, எவரை வேறொரு கழகத்துக்குக் கைமாற்றுவது, சந்தைக்கு வந்துள்ளோருள் எவரை என்ன விலைக்கு அமர்த்துவது என்பன குளிர்கால மாதங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. பத்திரிகைகள் இத்தீர்மானங்களை முகாமையாளரின் சாதுரியத்துக்கு எடுத்துக்காட்டுகளாக விவரிப்பது வழக்கம். அவற்றை ஓர் உழைப்புச் சந்தையின் செயற்பாடாக நோக்குவோர் சிலரே. அச்சந்தையோ இயல்பாகத் தோன்றியதன்று. ஆட்டக்காரரைப் பொறுத்தவரை 1975ஆம் ஆண்டின் இறுதிவரை அது இருக்கவுமில்லை. அது எவ்வாறு தோன்றிற்று, தோன்றியபோது இப்போதுள்ள வடிவத்தை ஏன் பெற்றது என்பவற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதலாளித்துவ உற்பத்தி முறையில் தொழிலாளி இரு பொருளிற் சுதந்திரமானவன் என்று மார்க்ஸ் காட்டினார். தனது உழைப்புச் சக்தியைத் தன் சொந்தப் பண்டமாகக் கொண்டு வேண்டியவருக்கு விற்கும் உரிமை அவனுக்குண்டு. அதைத் தவிர விற்பதற்கு அவனிடம் வேறெதுவும் இல்லை. முதலாளித்துவம் மிக முதிர்ந்ததொரு நாட்டில், ஏறத்தாழ நூறாண்டுக் காலம், இவற்றுள் முதலாவது சுதந்திரமேனும் இல்லாது உழைத்தோர் பேஸ்போல் ஆட்டக்காரர் ஆவர்.

1876இல் நாஷனல் லீக் அமைக்கப்பட்டது. மூன்றாண்டுகளின் பின், 1879 செப்டெம்பரில், கழக உரிமையாளர் தமக்குள் இரகசியமாக ஓர் இணக்கத்துக்கு வந்தனர். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம்; பிற கழகங்கள் அவர்களை அணுகுதலாகாது. ஒதுக்கப்படுவது திறமைக்குக் கிடைத்த மதிப்பென்று தொடக்கத்திற் சிலர் கருதினர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. சில ஆண்டுகளுக்குள் ஒதுக்கல் அணி முழுவதையும் தழுவியது. ஒப்பந்தப் பத்திரத்திலேயே வாசகமாகவும் இடம்பெற்றது. பிற்காலத்தில் அவ்வாசகம் பெற்ற வடிவம் எளிமையானது. ஆட்டக்காரர் புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிடாவிடில், கழகம் பழைய ஒப்பந்தத்தை அதே நிபந்தனைகளுடன் ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்திலும் அவ்வாசகம் உள்ளதன்றோ? ஆகவே அதையும் புதுப்பிக்கலாம் என்றனர் உரிமையாளர். ஓராண்டு என்னும் சொல் ஆயுட்காலம் என்னும் பொருளைப் பெற்ற விந்தை இவ்வாறு நிகழ்ந்தது.

எதிர்ப்பு எழாமலில்லை. கொலம்பியாவிற் சட்டம் பயின்ற ஆட்டக்காரரான ஜோன் மொன்ட்கொமரி வார்ட் 1885இல் ஆட்டக்காரரின் முதற் சங்கத்தை அமைத்தார். ஆட்டக்காரன் ஓர் அசையும் சொத்தோ என வினவி 1887இற் கட்டுரையொன்றும் எழுதினார். 1890இல் அச்சங்கத்தார் தமக்கெனத் தனி லீக்கொன்றை நடத்தினர். அது ஒரு பருவகாலமே நீடித்தது. அதற்குப் பணம் இட்ட முதலாளிகள் பழைய லீக்கின் உரிமையாளருடன் சமரசம் செய்துகொண்டதே அதன் முடிவுக்கு முக்கிய காரணமாகும்.

நீதிமன்றங்களும் துணைசெய்யவில்லை. மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தில் ஏகபோகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1890இலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் பேஸ்போல் ஆட்டங்களை நடத்துதல் அத்தகைய வர்த்தகமன்று என 1922இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ் என்னும் பெயர்பெற்ற நீதியரசர். வானொலியும் தொலைக்காட்சியும் பெருவருவாய் ஈட்டித்தந்த 1953இலும் அதே நிலைப்பாடு மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

மாற்றம் தொழிற்சங்கத்தின் வழியே வந்தது. உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பொருளியலாளராகப் பணியாற்றிய மார்வின் மில்லர் 1966இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1968இல் முதற் கூட்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆகக் குறைந்த வருடச் சம்பளம் 6,000 டொலரிலிருந்து 10,000 டொலராயிற்று. அதைவிட முக்கியமானது 1970இற் பெற்ற வெற்றி. ஒப்பந்தப் பிணக்குகளை உரிமையாளர் நியமிக்கும் ஆணையாளருக்குப் பதிலாக, இரு தரப்பும் ஏற்கும் நடுத்தீர்ப்பாளர் ஒருவரே இனித் தீர்ப்பார் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அன்று இதன் விளைவை உரிமையாளர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இதே காலத்தில், 1969 ஒக்டோபரில், சென் லூயிஸ் கழகம் கேர்ட் பிளட் என்னும் ஆட்டக்காரரைப் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்நகரில் ஆடியவர், வருடம் 90,000 டொலர் பெற்றவர், கறுப்பினத்தவர். இளமையில் தென் மாநிலங்களின் சிறு லீக்குகளில் ஆடியபோது நிறப்பாகுபாட்டின் கொடுமைகளை அனுபவித்தவர். தம் விருப்பத்தைக் கேளாது வாங்கவும் விற்கவும் தாம் உடைமையல்லர் என்னும் கருத்துப்பட அவர் ஆணையாளர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் திகதி 1969 டிசெம்பர் 24. வழக்கில் தோல்வியே நேரலாம் என மில்லர் முன்கூட்டியே எச்சரித்திருந்தும் அவர் பின்வாங்கவில்லை. பெருஞ்சம்பளம் பெறுபவன் தன்னை அடிமையோடு ஒப்பிடலாமா என்று பலர் எள்ளினர். கூலியின் அளவு வேறு, உழைப்பு உறவின் தன்மை வேறு என்னும் அடிப்படை உண்மையை எள்ளியோரைவிட அவர் தெளிவாக விளங்கியிருந்தார் என்றே நாம் கருதுகின்றோம். விசாரணையின்போது அவ்வேளை ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவரேனும் அவருக்காகச் சாட்சி கூற முன்வரவில்லை. ஓய்வு பெற்றிருந்த ஜக்கி ரொபின்சன் முதலியோரே வந்தனர்.

1972 யூனில் உயர் நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் அவரது வழக்கைத் தள்ளிற்று. பிளக்மன் எழுதிய அத்தீர்ப்பு இலக்கிய மாணவர் கவனிக்கவேண்டிய ஆவணமாகும். அதன் முதற் பகுதி சட்டம் பேசவில்லை. விளையாட்டின் பழம்பெருமை பேசுகின்றது. எண்பதுக்கு மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரரின் பெயர்களை நிரைப்படுத்துகின்றது. அவ்விளையாட்டைப் பாடிய கவிதைகளையும் நினைவுகூர்கின்றது. தீர்ப்புடன் உடன்பட்ட நீதியரசருள்ளே இருவர் அப்பகுதியில் மட்டும் சேர மறுத்தனர். பேஸ்போலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு முரணானது என்பதைத் தீர்ப்பே ஒப்புக்கொள்கின்றது. எனினும் திருத்தவேண்டியது சட்டமன்றமே என்று ஒதுங்கிக்கொள்கின்றது. நியாயம் போதாதவிடத்துப் புகழ்மாலை அவ்விடத்தை நிரப்பியது. ஒரு தொழிலைப் புனிதக் கதையாக்கிவிட்டால் அங்கு கூலியைப் பற்றிப் பேசுவது அநாகரிகமாகிவிடும். கருத்துநிலை செயற்படும் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சட்ட நூல்களிற் கிடைப்பது அரிது.

நீதிமன்றம் திறவாத கதவை நடுத்தீர்ப்பு முறை திறந்தது. 1974இல் ஓக்லண்ட் கழக உரிமையாளர் சாள்ஸ் பின்லி, ஒப்பந்தப்படி செலுத்தவேண்டிய 50,000 டொலரை உரியவாறு செலுத்தத் தவறினார். பந்து வீச்சாளர் ஹன்டர் சுயேச்சை ஆட்டக்காரரே என்று நடுத்தீர்ப்பாளர் பீட்டர் சைட்ஸ் தீர்த்தார். வருடம் 100,000 டொலர் பெற்றுவந்த ஹன்டருக்கு நியூயோர்க் யாங்கீஸ் ஐந்தாண்டுகளுக்கு முப்பது இலட்சம் டொலருக்கு மேல் வழங்கியது. மதிப்புக்கும் கூலிக்கும் இடையில் அதுவரை இருந்த தூரத்தை நாடே கண்டது.

மறு ஆண்டில் மெஸ்ஸர்ஸ்மித், மக்நலி என்னும் இரு பந்து வீச்சாளர் ஒப்பமிடாமலே ஆடினர். மக்நலி இடையில் விலகிவிட்டாராயினும் வழக்கிலிருந்து விலகவில்லை. 1975 டிசெம்பர் 23இல் சைட்ஸ் தீர்ப்பளித்தார்: ஓராண்டு என்பதன் பொருள் ஓராண்டே. நூறாண்டு வழக்கை முடிவுக்குக் கொணர்ந்தது ஒரு சொல்லின் நேர்ப்பொருள் என்பது உரையாசிரியர் மரபிற் பயின்ற நமக்குச் சுவை பயப்பதாகும். உரிமையாளர் அவரை உடனடியாகப் பதவி நீக்கினர், மேன்முறையீட்டிலும் தோற்றனர்.

இனி நிகழ்ந்ததே எமது ஆய்வுக்கு மையமானது. தீர்ப்பின்படி, ஓராண்டு ஒப்பமிடாது ஆடும் எவரும் சுயேச்சையாளராகலாம். எல்லாரையும் ஆண்டுதோறும் சுயேச்சையாளராக்கிவிடுங்கள் என்று பின்லி சக உரிமையாளருக்கு யோசனை கூறினார். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மில்லர் அஞ்சியது அதற்கே. 1991இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவரே இதைக் கூறியுள்ளார். எல்லாரும் ஒரே வேளையிற் சந்தைக்கு வந்தால் விலை வீழும். சிலர் மட்டும் வந்தால் ஏறும். ஆகவே, 1976 யூலை உடன்படிக்கையில், ஆறாண்டுச் சேவையின் பின்னரே சுயேச்சை என்னும் வரம்பைச் சங்கம் மனமுவந்து ஏற்றது. பேரப் பேச்சு என்னும் அளவில் இதனை மிஞ்சிய நுட்பம் காண்பதரிது. சராசரிச் சம்பளம் 1976இல் ஏறத்தாழ 51,500 டொலர். 1985இல் 370,000 டொலருக்கு மேல். இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிட நாம் தயாரில்லை. ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்று கேட்பதும் எமது கடனே. பிளட் எதிர்த்த வாசகம் அழிக்கப்படவில்லை. அதன் கால எல்லை குறுக்கப்பட்டது. அனுபவமுள்ளோரின் விலை உயர்வதற்கு இளையோரின் கட்டுண்ட நிலை நிபந்தனையாயிற்று.

உரிமையாளரின் எதிர்த்தாக்குதல்களை விரிப்பின் பெருகும். 1985 முதல் மூன்று குளிர்காலங்களில் அவர்கள் ஒருவர் ஆட்டக்காரருக்கு மற்றவர் விலை கூறாது இரகசியமாகக் கூடி நின்றனர். 1987இல் அன்ட்ரே டோசன் என்பார் தொகை எழுதாத ஒப்பந்தத்தைச் சிக்காக்கோ கப்ஸ் கழகத்திடம் நீட்ட, அது 500,000 டொலர் என நிரப்பியது. அவ்வாண்டே லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 1990இல் உரிமையாளர் 28 கோடி டொலர் இழப்பீடு வழங்க ஒப்பினர். 1994இன் வேலைநிறுத்தத்தால் அவ்வாண்டு உலகத் தொடரே நடைபெறவில்லை.

இரகசியக் கூட்டை விடச் சட்டபூர்வமான கணக்கு வலியது. பெயர்ப்பட்டியலில் 172 நாட்கள் இருந்தால் ஓராண்டுச் சேவை. கிறிஸ் பிரயண்ட் என்னும் இளைஞர் 2015 இளவேனிற் பயிற்சி ஆட்டங்களில் மிகச் சிறப்பாக ஆடியும் அதே கப்ஸ் கழகத்தாற் சிறு லீக்குக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் 17இல் அழைக்கப்பட்டபோது அப்பருவத்தில் அவருக்கு எஞ்சியவை 171 நாட்கள். ஒரு நாளின் குறைவினால் கழகம் அவரை மேலும் ஓராண்டு வைத்துக்கொண்டது. ஆட்டத்திறனில் மேம்பாடு தேவைப்பட்டதெனக் கழகம் காரணம் கூறியது. அவரது முறைப்பாடு 2020இல் நிராகரிக்கப்பட்டது. ஹுவான் சோட்டோ 2024 டிசெம்பரில் 76 கோடி 50 இலட்சம் டொலருக்கு ஒப்பமிட்ட செய்தியைப் படிப்போர் இந்த 171 நாட்களையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும்.

பெருலீக்கை எட்டாத ஆயிரக்கணக்கான சிறு லீக் ஆட்டக்காரர் 2022 வரை சங்கத்துக்குப் புறத்தேயே நின்றனர். 2018இல் இயற்றப்பட்ட சட்டமொன்று குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பையும் பெருமளவில் அவர்களிடமிருந்து நீக்கியிருந்தது. 2023இல் அவர்கள் தமது முதற் கூட்டு உடன்படிக்கையைப் பெற்றனர். சிறு லீக்கின் உச்சப் படிநிலையில் வருடச் சம்பளம் 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராயிற்று. பத்தொன்பது வயதிலோ அதற்குப் பின்னரோ புதிதாக ஒப்பமிடுவோரைக் கழகம் ஒதுக்கி வைத்திருக்கும் காலம் ஏழாண்டிலிருந்து ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது.