கண்ணுக்குள்ள இருந்து பாக்குறது யாரு?

1/ போன வாரம் நைட் டூட்டி. ஒரு பெரியவர் இறந்துட்டார். மகனிடம் கண்தானம் பத்திப் பேசினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சார், கண்ணைக் குடுத்துட்டா அப்பா அடுத்த பிறவில பார்வை இல்லாமப் பிறந்துருவாரோ?"ன்னு கேட்டார்.

நிறைய பேர் கேக்குற கேள்வி இது. பயம் சாஸ்திரத்தின் பேர்ல வருது. அதனால பதிலும் அங்கிருந்தே.

2/ பிருகதாரண்யக உபநிடதம். கி.மு. 7-6ஆம் நூற்றாண்டு என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. இடம், விதேக நாட்டு ஜனகரின் அவை. இங்க இருக்கறவங்கள்ல பெரிய ஞானிக்கு, கொம்பில் பொன் கட்டிய 1000 பசுக்கள் பரிசு. விவாதம் தொடங்கும் முன்பே "மாடுகளை ஓட்டிட்டுப் போப்பா"ன்னு சீடனிடம் சொல்லிவிடுகிறார் யாக்ஞவல்கியர். மத்தவங்க சும்மா விடுவாங்களா? வரிசையாகக் கேள்விகள்.

3/ உத்தாலக ஆருணி கேட்டது: எல்லாத்தையும் உள்ளிருந்து இயக்கும் அந்தர்யாமி யார்?

யாக்ஞவல்கியர் பூமியில் தொடங்கி, நீர், நெருப்பு, சூரியன் எனப் போய், மனித உடம்புக்குள் வருகிறார். மூச்சு, பேச்சு, கண், காது, மனம். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பதில்தான். அவன் கண்ணுக்குள் இருக்கிறான், ஆனா அவன் கண் இல்ல. கண்ணுக்கு அவனைத் தெரியாது. கண்ணை நடத்துறவன் அவன். அவனுக்கு மரணம் இல்லை.

4/ சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு கதை. புலன்களுக்குள் 'யார் பெரியவர்' சண்டை. ஒவ்வொண்ணும் ஒரு வருஷம் வெளியே போய்ப் பார்க்குது. கண் போனது; பார்வையற்றவர் வாழ்வது போல உடம்பு வாழ்ந்தது. மூச்சு கிளம்பப் பார்த்ததும்தான் எல்லாம் ஆட்டம் கண்டது. அவசரப் பிரிவுல நாங்களும் முதல்ல பாக்குறது மூச்சைத்தான்!

5/ அந்தர்யாமி யார் என்பதில் பின்னாளில் பெரிய விவாதம். சங்கரருக்கு, அவனும் நீயும் கடைசியில் ஒன்றே. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜருக்கு, உயிருக்குள்ளும் உறையும் இறைவன். உயிரே அவனுக்கு உடம்பு. ஆனா கண் வெறும் கருவிதான் என்பதில் ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல.

6/ இது அறிவியல் நிரூபணம் இல்ல. நான் மகனிடம் சொன்னதும் சுருக்கமாத்தான்: "தம்பி, அப்பா பார்த்தது கண்ணால. கண்ணே அப்பா இல்ல. நம்ம பெரியவங்களே அப்படித்தான் சொல்லிருக்காங்க."

அம்மாவிடம் கேட்டுட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

7/ இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்கணும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைங்க. ஃபேனை நிறுத்திடுங்க. தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைங்க. கண்புரை ஆபரேஷன் செய்தவங்களும் தானம் செய்யலாம்.

வீட்ல இன்னைக்கே பேசி வைங்க.