தானியங்கி நீர் மாதிரி சேகரிப்பான் (மலிவு வகை)

கடலிலோ ஏரியிலோ மூழ்கியிருந்து, குறித்த நேரத்தில் நீரை எடுத்து அடைத்து வைக்கும் சிறு கருவி. ஆழ்கடலில் நீர் எடுக்க நான்சன் குப்பியும், 1960களில் வந்த நிஸ்கின் குப்பியும் பயன்பட்டன. குப்பியை இறக்க ஆளும் படகும் வேண்டும். ஆழ்கடலென்றால் கப்பலே வேண்டும். நள்ளிரவு மாதிரிக்கு யார் போவது?

இரவு மாதிரி இல்லாமல் பவளத்திட்டு ஆய்வு முழுமையாகாது. பகலில் ஒளிச்சேர்க்கை நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள, இரவில் சுவாசம் அதைத் திருப்பித் தருகிறது. அமிலத்தன்மையும் கூடவே ஏறி இறங்குகிறது. இதற்காகவே அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவைச் சேர்ந்த மயாமி ஆய்வகத்தினர் எஸ்ஏஎஸ் என்னும் கருவியை உருவாக்கி, வடிவமைப்பை எவரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டனர். முப்பரிமாண அச்சில் உருவாக்கிய பாகங்கள், சிறு கணிப்பலகை, கடிகாரச் சில்லு, மின்கலம், பம்பு, பை: உள்ளே இருப்பது இவ்வளவே. காற்றுப்புகாத பையிலிருந்து வாயு எளிதில் கசியாது. நுண்ணுயிர்கள் நீரின் வேதியியலை மாற்றாதிருக்க மெர்க்குரிக் குளோரைடு சேர்ப்பது வழக்கம்; அது கடும் நச்சு, கையாளுவதில் அலட்சியம் கூடாது.

உயிரினங்கள் நீரில் விட்டுச்செல்லும் மரபணுத் தடயங்களை அங்கேயே வடிகட்டிச் சேர்க்கும் வகையும் பின்னர் வந்தது.

நீர்க்கசிவும் குழாயில் படியும் பாசியும் இக்கருவிகளின் பெருந்தொல்லைகள். ஆழ்கடலுக்கு இவை ஏற்றவையல்ல. அங்கே நிஸ்கின் குப்பிகளே இன்றும் பயனில் உள்ளன.