பிரென்னர் தேர்ந்த புழு

புழு என்ற சொல் நம்மவரிடையே இழிவைக் குறிக்கவே பெரும்பாலும் வழங்குகிறது. தோட்டப்புறங்களில் முன்னாளில் கொக்கிப்புழு செய்த கொடுமையை அறிந்தவர்களுக்கு அச்சொல்லே அருவருப்பூட்டும். ஆனால், அதே உருளைப்புழு இனத்தில், எவர் உடலையும் அண்டாமல் அழுகிய காய்கனிகளில் பாக்டீரியாவைத் தின்று வாழும் புழு ஒன்றுண்டு. கேனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டர்.

இதனை முதன்முதல் 1900-ஆம் ஆண்டில் விவரித்தவர் எமில் மோப்பா என்பார். அவர் அல்ஜியர்ஸ் நகரில் நூலகராய் இருந்துகொண்டே நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். அதன்பின் அறுபதாண்டுக் காலம் இப்புழுவை நாடியவர் மிகச் சிலரே.

அதற்குப் புகழ் தந்தவர் சிட்னி பிரென்னர். தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் ஊரில் 1927-ல் பிறந்தவர். தந்தையார் செருப்புச் செப்பனிடும் தொழிலாளி. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய பிரென்னர், மரபுச் செய்தியைத் தாங்கிச் செல்லும் ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தோருள் ஒருவர். 1963 ஜூன் மாதம் அவர் தம் தலைவர் மாக்ஸ் பெருட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூலக்கூற்று உயிரியலின் பழைய வினாக்கள் தீர்ந்துவிட்டன, அல்லது விரைவில் தீர்ந்துவிடும். இனி ஓர் உயிரணு முழு உடலாய் வளர்வது எப்படி, நரம்புகள் இயங்குவது எப்படி என்பவற்றையே ஆராயவேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து.

அதற்கு எலி பெரிது; மனிதன் அதனினும் பெரிது. இப்புழுவோ கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலுடையது. மூன்றரை நாளில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி எய்தும். ஆண்தன்மையும் பெண்தன்மையும் ஓருடலில் அமைந்திருப்பதால் தனித்தே முந்நூறு குஞ்சுகள் வரை ஈனும். திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பல ஆண்டு கழித்து எழுப்பினாலும் பிழைக்கும். பிரென்னர் கையாண்ட குலம், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் காளான் எருவிலிருந்து எடுக்கப்பட்டுக் கலிபோர்னியா சென்று திரும்பியதாகும். அவருடைய முதற் பெருங்கட்டுரை வெளிவந்தது 1974-ல். கடிதம் எழுதிப் பதினோராண்டு! ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் இன்றைய நிர்வாகங்கள் அத்தனை காலம் பொறுத்திருக்குமா என்பது ஐயமே.

பொறுமைக்கு மற்றோர் எடுத்துக்காட்டு, அவரிடம் பணியாற்றிய ஜான் சல்ஸ்டன். முட்டைக்குள் வளரும் கருவை நுண்பெருக்கியில் நோக்கி, எந்த உயிரணு எதிலிருந்து பிரிகிறது என்பதைத் தம் கையாலேயே வரைந்தார். நாளைக்கு இருமுறை, முறைக்கு நான்கு மணி நேரம். இவ்வாறு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைத்தார். 1983-ல் முழுக் குலமரபும் வெளியாயிற்று. வளர்ந்த புழுவின் உடலில், இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக, 959 உயிரணுக்கள். ஆனால் தோன்றுவனவோ 1,090. எஞ்சிய 131-ம் ஒவ்வொரு புழுவிலும் அதே இடத்தில், அதே வேளையில் தாமே மடிகின்றன. இது தற்செயலன்று, மரபணு இடும் கட்டளை என்பதை ராபர்ட் ஹார்விட்ஸ் நிறுவினார். அம்மரபணுக்களுக்கு நெருங்கிய உறவுடையவை மனித உடலிலும் உள்ளன. மடியவேண்டிய உயிரணு மடியாது பெருகுவது புற்றுநோய்க்கு ஒரு காரணமாதலின், மண்புழுவினும் அற்பமான இவ்வுயிர் மருத்துவர் கவனத்துக்கு உரியதாயிற்று.

இம்மூவரும் 2002-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர் 2006, 2008, 2024 ஆகிய ஆண்டுகளிலும் இப்புழுவைக் கொண்டு ஆராய்ந்தோர் அப்பரிசு பெற்றனர்.

பிரென்னருக்கும் நம் வட்டாரத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சிங்கப்பூரின் மூலக்கூற்று உயிரணு உயிரியல் கழகம் 1985-ல் அமைய வழிகாட்டியவர் அவர். 2003-ல் கௌரவக் குடிமகனாக்கப்பட்டார். 2019-ல் சிங்கப்பூரிலேயே காலமானார்.

அவர் முதலில் விரும்பிய நரம்பு ஆராய்ச்சி என்னவாயிற்று? புழுவுக்கு 302 நரம்பணுக்களே. உடலை மெல்லிய சீவல்களாக்கி, எலக்ட்ரான் நுண்பெருக்கியில் படமெடுத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, 1986-ல் ஜான் வைட்டும் துணைவரும் பிரென்னரும் முழு வரைபடத்தை 340 பக்கங்களில் வெளியிட்டனர். எனினும் அப்படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, புழு அடுத்த கணம் எப்பக்கம் திரும்பும் என்று கூறவல்லார் இன்றும் இல்லை. நரம்பணுக்கள் கசியவிடும் சில இரசாயனப் பொருள்கள், படத்திலுள்ள இணைப்புகளின் வழியன்றியும் செய்தி கொண்டு செல்கின்றன. அவ்வழிகளைக் காணும் பணி இப்போது நடைபெற்று வருகிறது.